போலி லைக்கும் பொய் எடைக்கல்லும்

லாட்வியாவின் தலைநகரான ரீகாவில் நேட்டோ அங்கீகாரம் பெற்ற வியூகத் தகவல்தொடர்பு மையம் இயங்குகிறது. சமூக ஊடகங்களில் போலி லைக் விற்கும் சந்தையை எடைபோட, 2019இல் அந்த மையம் தானே வாடிக்கையாளராகி 300 யூரோ செலவிட்டது. ரஷ்யாவைச் சேர்ந்த 11 விற்பனையாளர்களும் ஐரோப்பாவைச் சேர்ந்த 5 விற்பனையாளர்களும் அந்தப் பணத்துக்கு 3,530 கமெண்ட், 25,750 லைக், 20,000 வியூஸ், 5,100 ஃபாலோயர் தந்தார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ட்விட்டர், யூடியூப் என நான்கு தளங்களிலும் சரக்கு வந்து சேர்ந்தது. நான்கு வாரம் கழித்தும் அதில் ஐந்தில் நான்கு பங்கு அழியாமல் இருந்தது. அந்தக் கணக்குகளில் சிலவற்றைப் போலி என்று குறிப்பிட்டுத் தளங்களிடமே புகார் செய்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், புகார் செய்தவற்றில் 95 சதவீதம் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தன. ஆக, இந்தச் சரக்கு மலிவானது, எளிதில் கிடைக்கிறது, காட்டிக்கொடுத்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது.

‘பெருமைக்காக யாரோ காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கிக்கொள்கிறார்கள், நமக்கென்ன’ என்று இதைக் கடந்துபோகிறவர்களே அதிகம். அப்படிக் கடந்துபோக முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு பதிவின் கீழே தெரியும் எண் இன்று பொது அளவுகோலாகிவிட்டது. எந்த மருத்துவரிடம் போவது, எந்தக் கடையில் வாங்குவது, எந்தப் பாட்டைக் கேட்பது, எந்த அரசியல்வாதிக்குச் செல்வாக்கு இருக்கிறது என்பதையெல்லாம் கோடிக்கணக்கானோர் அந்த எண்ணைப் பார்த்தே ஊகிக்கிறார்கள். கடைத்தெருவில் எடைக்கல்லுக்கு அரசு முத்திரை வைக்கிறது. முத்திரை ஆய்வாளர் வந்து சோதிக்கிறார். கல் குறைந்தால் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அது குற்றம். ஒரு கிலோ தக்காளியில் 50 கிராம் இழந்தவருக்குப் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைக் குற்றம் என்கிறோம், ஏனென்றால் பொய் எடைக்கல் நேர்மையாக நிறுக்கும் பக்கத்துக் கடைக்காரரின் பிழைப்பையும் கெடுக்கிறது. கடைசியில் சந்தையையே யாரும் நம்பாதபடி செய்துவிடுகிறது. போலி லைக் வணிகத்தையும் இதே போன்ற அளவை மோசடியாகப் பார்த்தால்தான் அதன் தீங்கும் தெரியும், தீர்வும் தெரியும்.

இந்த வணிகம் அடுக்கடுக்கானது. அடித்தட்டில் இருப்பது தொலைபேசி எண். கணக்குத் தொடங்க ஓடிபி வேண்டும், ஓடிபிக்கு சிம் வேண்டும்; ஆகவே சிம் கார்டுகளை மொத்தமாகச் சேர்த்து எண்களை வாடகைக்கு விடுவதே தனித் தொழிலாகிவிட்டது. 2025 அக்டோபரில் யூரோபோல் துணையோடு லாட்வியா, ஆஸ்திரியா, எஸ்தோனியா நாட்டுக் காவல்துறையினர் இப்படிப்பட்ட ஒரு கும்பலைப் பிடித்தபோது பல சிம்களை ஒன்றாக இயக்கும் 1,200 சிம் பெட்டிகளும், இயங்கிக்கொண்டிருந்த 40,000 சிம் கார்டுகளும் சிக்கின. அவர்களுடைய சேவையைக் கொண்டு தொடங்கப்பட்ட இணையக் கணக்குகள் 4.9 கோடிக்கு மேல் என்று யூரோபோல் கணக்கிட்டது. அடுத்த தட்டில் கணக்குகளை இயக்குபவர்கள் இருக்கிறார்கள். 2017 ஜூனில் தாய்லாந்தின் சா கேயோ மாகாணத்தில், கம்போடிய எல்லையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டுக்குள் காவல்துறை நுழைந்தது. உலோகச் சட்டங்களில் வரிசை வரிசையாகப் பொருத்தப்பட்ட ஐபோன்கள் ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்தன. நானூற்றுக்கும் மேற்பட்ட போன்களும் ஏறத்தாழ மூன்றரை லட்சம் சிம் கார்டுகளும் கைப்பற்றப்பட்டன. அங்கிருந்த மூன்று சீனர்களின் வேலை, வீசாட் செயலியில் விற்பனைப் பொருள்களுக்கு லைக்கும் பார்வையும் ஏற்றுவது.

மேல்தட்டில் ‘எஸ்.எம்.எம். பேனல்’ எனப்படும் இணையக் கடைகள் இருக்கின்றன. ஆயிரம் லைக் என்ன விலை, ஆயிரம் சப்ஸ்க்ரைபர் என்ன விலை என்று பட்டியல் போட்டே விற்கிறார்கள். சீக்கிரம் உதிராத சரக்கு ‘நான்-டிராப்’. உதிர்ந்தால் மறுபடி நிரப்பித் தருவது ‘ரீஃபில்’. ஒரே நாளில் ஏறினால் சந்தேகம் வரும் என்பதால் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது ‘டிரிப் ஃபீட்’. பெரிய பேனலில் வாங்கி, தன் பெயரில் விலை ஏற்றி விற்கும் ரீசெல்லர்கள் அதற்கு மேலே. ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ என்ற பலகைக்குள் இதை ஒளித்து விற்பவர்களும் உண்டு. தம் பக்கத்துக்கு வந்த கூட்டம் போலி என்பதே தெரியாமல் பணம் கட்டும் சிறு வணிகர்களும் உண்டு. உதிர்ந்தால் நிரப்பித் தருகிறேன் என்று ஒரு விற்பனையாளர் உத்தரவாதம் கொடுக்கிறார் என்றால், தளங்களின் துப்புரவுப் பணியையும் கணக்கில் சேர்த்தே அவர் விலை வைத்திருக்கிறார்.

இயந்திரத்தால் முடியாத இடத்தில் மனிதக் கை இறங்குகிறது. 2013இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி வங்கதேசத் தலைநகர் டாக்காவின் ‘கிளிக் பண்ணை’களைப் படம்பிடித்துக் காட்டியது. ஆயிரம் லைக் போட்டால் ஒரு டாலர் என்ற கூலிக்கு, ஜன்னலில் கம்பி போட்ட அறைகளில், சில சமயம் இரவு முழுக்க, இளைஞர்கள் வேலை பார்த்தார்கள். ஏழை நாட்டு உழைப்பின் மலிவு, பணக்கார நாட்டு நிறுவனங்களின் ‘செல்வாக்காக’ அங்கே மாற்றப்பட்டது. இந்த வணிகத்தைத் தண்டிக்க வேண்டும் என்று பேசும்போது, கம்பி போட்ட அறையில் உட்கார்ந்திருப்பவரையும் பேனல் உரிமையாளரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பணம் சேரும் இடம் எதுவோ அதுவே பொறுப்பும் சேர வேண்டிய இடம்.

போலிக் கணக்கு என்றால் கற்பனைப் பெயர்தானே என்ற எண்ணத்தை டெவுமி விவகாரம் உடைத்தது. அமெரிக்க நிறுவனமான டெவுமி, குறைந்தது 2 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு ஏறத்தாழ 20 கோடி ட்விட்டர் ஃபாலோயர்களை விற்றதாக 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கையிருப்போ 35 லட்சம் தானியங்கிக் கணக்குகள்தான்; அவற்றையே திரும்பத் திரும்ப விற்றார்கள். அவற்றில் குறைந்தது 55,000 கணக்குகள் உண்மையான மனிதர்களின் பெயர், படம், ஊர் முதலியவற்றைத் திருடி உருவாக்கப்பட்டவை. பதின்வயதினரும் அதில் தப்பவில்லை. பெயரில் ஓர் எழுத்தை மட்டும் பார்வைக்கு அதேபோல் தோன்றும் இன்னோர் எழுத்தாக மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்திருந்தார்கள். ஒரு பள்ளி மாணவியின் முகத்தோடு அப்படி ஒரு கணக்கு கிரிப்டோ விளம்பரத்தையும் ஆபாசப் பதிவையும் பரப்பும்போது, அந்த மாணவிக்கு அது தெரியக்கூட வாய்ப்பில்லை. வாடிக்கையாளர்களில் நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், வழக்கறிஞர்கள், முதலீட்டு ஆலோசகர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

போலி எண் பார்ப்பவரின் மனத்தை உண்மையிலேயே மாற்றுகிறதா? இதற்கு நல்ல சோதனைச் சான்று இருக்கிறது. லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகிய மூவரும் ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஐந்து மாதம் நடத்திய ஆய்வு 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. 1,01,281 கமெண்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரே ஒரு போலி ஆதரவு வாக்கைச் சேர்த்தார்கள். அடுத்து வந்து படிப்பவர் அதற்கு ஆதரவு வாக்களிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. இறுதி மதிப்பீடு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. வேறு சில கமெண்டுகளுக்குப் போலியாகச் சேர்த்த எதிர்ப்பு வாக்கை மக்கள் திருத்திவிட்டார்கள்; போலி ஆதரவு திருத்தப்படாமல் வளர்ந்தது. ஒரு வாக்குக்கே இவ்வளவு என்றால், ஆயிரக்கணக்கில் ஏற்றினால் என்ன ஆகும்? தளங்களின் அல்காரிதமும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்தவர் திரைக்கு எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கிறது. காசு கொடுத்து வாங்கிய முதல் ஆயிரம், காசில்லாத பத்தாயிரத்தை இழுத்து வருகிறது. போலியும் உண்மையும் அதற்குப் பிறகு பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன.

இழப்பு யாருக்கு என்பது இசைத்துறையில் தெளிவாகத் தெரிகிறது. ஸ்ட்ரீமிங் சேவைகள் பொதுவாகச் சந்தா, விளம்பர வருவாயை ஒரே தொகுப்பில் போட்டு, கேட்கப்பட்ட விகிதப்படி பிரித்துக் கொடுக்கின்றன. தொகுப்பு கூடாமல் கேட்பு எண்ணிக்கை மட்டும் கூடினால், ஒருவர் அள்ளுவது இன்னொருவரின் பங்கிலிருந்துதான். பிரான்சின் தேசிய இசை மையம் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, 2021இல் அந்நாட்டில் நடந்த ஸ்ட்ரீம்களில் 1 முதல் 3 சதவீதம் மோசடியானவை என்று கண்டறிந்தது. கண்டுபிடிக்க முடிந்தது அவ்வளவு. 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஒருவர்மீது, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய லட்சக்கணக்கான பாடல்களைத் தானியங்கிக் கணக்குகளை வைத்துக் கேட்கச் செய்து ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அந்தப் பணம் பாடகர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது.

நம் திரையுலகில் இது வேறு வடிவம் எடுக்கிறது. டீசரோ பாட்டோ வெளியான 24 மணி நேரத்தில் எத்தனை கோடி வியூஸ் என்பது வெற்றிச் சான்றிதழாகவே சுவரொட்டியில் ஏறுகிறது. விளம்பரமாகப் பணம் கட்டி ஓட்டிய பார்வைகளும் சாதனைக் கணக்கில் சேர்கின்றன என்ற சர்ச்சை இந்தி இசைச் சந்தையில் பெரிதானதைத் தொடர்ந்து, 2019 செப்டம்பரில் யூடியூப் தன் இசைத் தரவரிசையிலும் 24 மணி நேரச் சாதனைப் பட்டியலிலும் விளம்பரப் பார்வைகளை எண்ணுவதை நிறுத்தியது. 2020 ஜூலையில் ஒரு பின்னணிப் பாடகி தன் பெயரில் போலிக் கணக்கு இருப்பதாக மும்பைக் காவல்துறையிடம் புகார் கொடுக்க, அந்த விசாரணை போலி ஃபாலோயர் விற்கும் வலைப்பின்னல்வரை போனது. ரசிகர்களின் அன்பு அளவற்றது. அதை அளக்கும் கருவி பொய்யானால், அன்பு செலுத்திய ரசிகரும் ஏமாற்றப்படுகிறார், பணம் செலவழிக்க முடியாத சிறு படத்தின் தயாரிப்பாளரும் நசுக்கப்படுகிறார்.

அரசியலில் இதன் விலை இன்னும் அதிகம். ஃபேஸ்புக்கில் தரவு ஆய்வாளராக இருந்த சோஃபி ஜாங், போலி லைக்குகளைக் கண்டறியும் பணியில் இருந்தபோது ஹோண்டுராஸ் அதிபராக அன்று இருந்த ஹுவான் ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸின் பக்கத்தைக் கவனித்தார். 2018இல் ஆறு வாரத்தில் அவருடைய பதிவுகளுக்கு லைக் போட்ட 59,100 கணக்குகளில் 46,500க்கும் மேற்பட்டவை போலி. ஜாங் எச்சரித்த பிறகும் நிறுவனம் நடவடிக்கை எடுக்க ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அஜர்பைஜானில் எதிர்க்கட்சியினர், சுதந்திர ஊடகங்கள் ஆகியோரின் பக்கங்களில் 2019இல் 90 நாளில் 21 லட்சம் வசைக் கமெண்டுகள் குவிந்தன. அவற்றைக் குவித்த வலைப்பின்னலை நீக்க 14 மாதம் ஆனது. 2020 பிப்ரவரியில் நடந்த டெல்லிச் சட்டமன்றத் தேர்தலைக் குறிவைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளோடு இயங்கிய ஒரு வலைப்பின்னலை அகற்றியதாகவும், நிறுவனம் அதை வெளியே சொல்லவே இல்லை என்றும் அவர் எழுதினார். ஆதரவைப் போலியாகக் காட்டுவது ஒரு தீங்கு. எதிர்ப்பவரை ‘ஊரே உன்னை வெறுக்கிறது’ என்று நம்பவைத்து வாயடைப்பது அதைவிடப் பெரிய தீங்கு.

நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட தீங்கு ஒன்று உண்டு. ‘யூடியூப் வீடியோவுக்கு லைக் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பணம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். முதல் சில லைக்குகளுக்கு நூறோ இருநூறோ உண்மையாகவே வங்கிக் கணக்கில் விழும். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். ‘ப்ரீபெய்டு டாஸ்க்’ என்று முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் லாபத்தோடு பெருகுவதாகத் திரையில் காட்டுவார்கள். எடுக்கப்போனால் வரி, கட்டணம் என்று மேலும் கேட்பார்கள். வீட்டிலிருந்து சம்பாதிக்க நினைக்கும் குடும்பத் தலைவிகளும் வேலை தேடும் பட்டதாரிகளும் ஓய்வு பெற்றவர்களும் இதில் லட்சக்கணக்கில் இழக்கிறார்கள். இத்தகைய பகுதிநேர வேலை, முதலீட்டு மோசடிகளில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் இந்திய அரசு முடக்கியது. அமெரிக்காவில் 2023 முழுவதும் 5,000 புகார் வந்த இந்த வகை மோசடிக்கு, 2024இன் முதல் ஆறு மாதத்திலேயே ஏறத்தாழ 20,000 புகார்கள் வந்தன. படித்தவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று கேட்பது நியாயமில்லை. லைக் விலைக்கு விற்கிறது என்பது உலகறிந்த செய்தி. விற்கிறதென்றால் போடுபவருக்குக் கூலி கிடைப்பதும் நம்பத்தக்கதாகத்தானே தோன்றும்? உண்மையான போலிச் சந்தை இருப்பதால்தான் இந்தப் பொய் வேலைவாய்ப்புக்கு நம்பகத்தன்மை கிடைக்கிறது.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். ‘எண்கள் போலி என்று எல்லோருக்கும் தெரியும், யார் நம்புகிறார்கள்?’ என்பது முதலாவது. பொதுவாகச் சந்தேகிப்பது வேறு, எது போலி என்று குறிப்பாக அறிவது வேறு. ஒன்றும் நம்பமுடியாது என்று ஆகிவிட்டால், உண்மையாகவே ஆதரவு பெற்றவரும் பொய்யரோடு சேர்த்துச் சந்தேகிக்கப்படுவார். அது தீங்குக்கு இன்னொரு சான்றே தவிரச் சமாதானம் ஆகாது. ‘தரம் இருந்தால் கடைசியில் வென்றுவிடும்’ என்பது இரண்டாவது. மேத்யூ சால்கானிக்கும் டங்கன் வாட்ஸும் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாடல்களின் பதிவிறக்க எண்ணிக்கையைத் தலைகீழாக்கிக் காட்டினார்கள். மிகச் சிறந்த சில பாடல்கள் காலப்போக்கில் மீண்டு வந்தது உண்மை. ஆனால் பொய் எண்ணைப் பார்த்து மோசமான பாடல்களைக் கேட்டவர்கள் சலித்துப்போக, மொத்தப் பதிவிறக்கமே குறைந்தது. தரம் தப்பிப் பிழைத்தாலும் சந்தை சுருங்கியது. மீண்டு வரும்வரை காத்திருக்கச் சிறு கலைஞருக்குக் கையில் பணமும் இல்லை.

‘விளம்பரமும் காசு கொடுத்துக் கவனத்தை வாங்குவதுதானே?’ என்பது மூன்றாவது. வலுவான கேள்வி இது. விளம்பரம் ‘நான் விளம்பரம்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அதைப் பார்ப்பவர் உண்மையான மனிதர். பிடித்தால் அவரே லைக் போடுவார். போலி லைக்கோ, இல்லாத மனிதரின் தீர்ப்பைத் தீர்ப்பென்று காட்டுகிறது. விளம்பரம் அந்த அடையாளத்தை மறைக்கும் இடத்தில் அதுவும் இதே குற்றத்துக்கு ஆளாகிறது. யூடியூப் தரவரிசை விதி மாறியது அதனால்தான்.

‘தளங்களே களையெடுக்கின்றனவே, அரசு ஏன் நுழைய வேண்டும்?’ என்பது நான்காவது. 2019இன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் ஃபேஸ்புக் 220 கோடி போலிக் கணக்குகளை நீக்கியது. போலி லைக் விற்பவர்கள்மீது வழக்கும் தொடுத்தது. அந்த உழைப்பை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் பயனாளர் எண்ணிக்கையும் பார்வைகளும் கூடக்கூட விளம்பர வருவாய் கூடும் நிறுவனம், தன் எண்ணைத் தானே குறைத்துக்கொள்ளும் வேலையை எவ்வளவு ஆர்வத்தோடு செய்யும்? ரீகா சோதனையும் ஹோண்டுராஸ் தாமதமும் அதற்கு விடை சொல்கின்றன. கடைக்காரரிடமே முத்திரையைக் கொடுத்துவிட்டு எடைக்கல்லைச் சோதித்துக்கொள்ளச் சொல்ல முடியாது. ‘கட்டுப்படுத்தப் போனால் எல்லோருடைய அடையாள அட்டையையும் கேட்பார்கள், பெயர் மறைத்து எழுதுபவர்களின் சுதந்திரம் போகும்’ என்ற ஐந்தாவது மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். அதனால்தான் சட்டம் பிடிக்க வேண்டியது பேசுபவரை அன்று, விற்பவரை. புனைபெயரில் எழுதும் ஒருவர் ஒரே ஒருவராகத்தான் எண்ணப்படுகிறார். பத்தாயிரம் பேராக நடிப்பவர்தான் அளவைக் கெடுக்கிறார்.

விற்பவரைப் பிடிக்க முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் உள்ளன. 2019 அக்டோபரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் டெவுமிமீதும் அதன் உரிமையாளர்மீதும் 25 லட்சம் டாலர் தீர்ப்புப் பெற்றது. செலுத்த வைத்தது 2.5 லட்சம் டாலர்தான் என்றாலும், இந்த விற்பனையே ஏமாற்று வணிகம் என்று நிலைநாட்டப்பட்டது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஆணையத்தின் புதிய விதி, வணிக நோக்கத்தில் செல்வாக்கை மிகைப்படுத்திக் காட்டப் போலி ஃபாலோயர், வியூஸ் விற்பதையும் தெரிந்தே வாங்குவதையும் தடை செய்கிறது. பிரிட்டன் 2025 ஏப்ரல் முதல் போலி நுகர்வோர் விமர்சனங்களைத் தடை செய்துள்ளது. இந்தியாவில் தவறான விளம்பரங்களுக்கு எதிரான 2022ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்கள், இணைய விமர்சனங்களுக்கான ஐ.எஸ். 19000 தரநிர்ணயம், பொருளுக்குப் போலி வரவேற்பு இருப்பதாகக் காட்டுவதையும் குற்றம் சொல்லும் 2023ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்கள் ஆகியவை இருக்கின்றன. அடையாளத் திருட்டுக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் மூன்றாண்டுவரை சிறை உண்டு. ஆனால் போலி லைக், ஃபாலோயர் விற்பனையைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கும் பிரிவு இல்லை. அந்த இடைவெளியில்தான் பேனல்கள் பட்டியல் போட்டுக் கடை விரித்திருக்கின்றன.

செய்ய வேண்டியவை மூன்று. போலி எண் விற்பனையையும், வணிகத்துக்கோ தேர்தலுக்கோ தெரிந்தே வாங்குவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும். பெரிய தளங்களின் எண்ணிக்கையைச் சுதந்திரமான ஆய்வாளர்கள் தணிக்கை செய்யவும், நீக்கிய வலைப்பின்னல்களைத் தளங்கள் நாடுவாரியாக வெளியிடவும் சட்டம் வழி செய்ய வேண்டும். மொத்த சிம் கடத்தலையும் எண் வாடகைத் தொழிலையும் பிடிப்பதில் காவல்துறை காட்டும் அக்கறை, ஏமாந்து புகார் கொடுக்க வரும் எளியவரை மரியாதையோடு நடத்துவதிலும் இருக்க வேண்டும்.

வாசகர்களிடம் சொல்லச் சில சொற்கள். கடையோ கலையோ கட்சியோ, உங்களுடையது எதுவானாலும் அதற்கு ஃபாலோயரை விலைக்கு வாங்காதீர்கள். அந்தப் பணம் யாரோ ஒரு மாணவியின் முகத்தைத் திருடியவருக்குப் போய்ச் சேரக்கூடும். லைக் போட்டால் பணம் என்று வரும் அழைப்பு எதுவானாலும் அதை நம்பாதீர்கள், வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.